பரீட்சை முடியட்டும்

14.6.2024

சத்யாவின் அப்பாவுக்கு ராஜேஸ்வரி எழுதுவது.

முந்தாநாள் நீங்கள் ஜெயிலிலிருந்து போன் போட்டபோது நான் சரியாகப் பேசவில்லை. உங்களுக்கு வருத்தம் இருக்கும். அஞ்சு நிமிசத்தில் சொல்லி முடிக்கிற விசயமாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஊருக்கே திரும்பிவிட்டோம். பாலவனத்தத்தில் அண்ணன் வீட்டில் மூன்று வருசத்துக்கு மேல் இருந்தாயிற்று. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மதினியும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மகனுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் எல்லாம், "இந்தப் பொம்பள யாரு, இவுக வீட்டுக்காரர் எங்க இருக்காரு?" என்று கேட்கிறார்கள். சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் மதினி அடுப்படிக்குள் போய்விடுவாள். ரெண்டு தடவை அப்படி நடந்தது. மூன்றாவது தடவை நடக்க வேண்டாம் என்று மே மாதக் கடைசியில் துணிமணியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நம் வீட்டுப் பின்சுவர் பாதி சரிந்து கிடக்கிறது. தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்.

சத்யாவைப் பத்தாம் வகுப்பில் சேர்த்தேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று ஊருக்குள் வரும் எட்டு மணி டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடக் கூடவே போனேன். அங்கே சந்தனம்மாள் நின்றாள். ஒரே தெரு, எனக்கு ஓர்ப்படியாள். ஆனாலும் உங்கள் தம்பி அழகுராஜா செத்த பிறகு அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். அவள் மகள் மாரீஸ்வரியும் யூனிபார்மோடு நின்றாள். அதுவும் பத்தாவதுதான். அதே பள்ளிக்கூடம்.

பஸ் வந்தது. சத்யா படியில் கால் வைத்தாள். சந்தனத்தின் அண்ணன் பொன்னுச்சாமி சத்தமாகச் சொன்னார்: "அப்பனக் கொன்னவன் மக ஏறுற பஸ்ஸுல எங்க புள்ள ஏறாது."

கண்டக்டர் விசில் கொடுக்காமல் நின்றார். சத்யா காலை எடுத்துவிட்டாள். மாரீஸ்வரி ஏறினாள், பஸ் போய்விட்டது. சந்தனம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்றோடு அஞ்சு நாள். சத்யா பள்ளிக்கூடம் போகவில்லை. அழவும் இல்லை. புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டே இருக்கிறாள். என்ன செய்வது என்று எழுதுங்கள்.

ராஜேஸ்வரி


மதுரை
23.6.2024

ராஜேஸ்வரிக்கு,

கடிதம் வந்தது. இங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.

பொன்னுச்சாமியைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவன் தங்கச்சி தாலியறுத்தது என்னால்தான்.

நான் ரெண்டு நாளாக யோசித்தேன். இந்த ஒரு வருசம் சத்யா நிற்கட்டும். ஊர் கொஞ்சம் மறக்கும். அடுத்த வருசம் தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். அதுவரைக்கும் பாளையம்பட்டியில் உன் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு அருப்புக்கோட்டையில் ஏதாவது ஜவுளிக்கடையில் நிற்கலாம். தினமும் பஸ்ஸில் ஒரு பேச்சு கேட்டுக்கொண்டு படிக்க வேண்டுமா அந்தப் பிள்ளை?

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கோபப்படாதே.

செல்லப்பாண்டி


7.7.2024

சத்யாவின் அப்பாவுக்கு,

கோபப்படாதே என்று எழுதியிருக்கிறீர்கள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

ஒரு வருசம் நிற்கட்டும் என்கிறீர்கள். நின்ற பிள்ளை எது திரும்பிப் போயிருக்கிறது? எங்க அம்மாவுக்கு மேலுக்கு முடியாமல் போனபோது, "இந்த வருசம் மட்டும் வீட்டப் பாத்துக்க தாயி" என்றுதான் எங்க அப்பாவும் சொன்னார். நான் எட்டாவதோடு சரி. ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளையை யாராவது பெண் கேட்டு வருவார்கள். நீங்களும் அங்கிருந்து சரி என்று எழுதுவீர்கள். எல்லாம் முடிந்துவிடும்.

மடைத் தண்ணீர் அன்றைக்கு அழகுராஜா முறை. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் தண்ணீர் நம் வயலுக்கும் வந்திருக்கும். ஒரு மணி நேரம் உங்களால் பொறுக்க முடியவில்லை. மண்வெட்டியை ஓங்கிவிட்டீர்கள். அவள் மட்டும் ஒரு வருசம் பொறுக்க வேண்டுமா?

இதை எழுதக்கூடாது என்று மூன்று வருசமாக நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கவும் இல்லை.

உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று நானே ஒன்று செய்திருக்கிறேன். ஊர் பஸ் வேண்டாம். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி கண்மாய்க்கரை வழியாகச் சத்யாவை ஊர் ரோடு பிரிகிற விலக்குக்குக் கூட்டிப்போய் மெயின் ரோட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். ரோட்டு வழியாகப் போனால் மூன்று கிலோமீட்டர். கரை வழியாக நாலு இருக்கும், ஆனால் ஊர் ஆட்கள் எதிரில் வர மாட்டார்கள். சாயங்காலமும் போய்க் கூட்டிவருகிறேன். நான் திரும்பி வருவதற்குள் நூறு நாள் வேலையில் போட்டோ எடுத்து முடித்துவிடுகிறார்கள். போட்டோவில் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. நடந்துதான் ஆக வேண்டும்.

முதல் நாள் பஸ்ஸில் ஏறும்போது அவள், "நீ கஞ்சி குடிச்சிட்டு வேலைக்குப் போம்மா" என்றாள். குடிக்கத்தான் செய்தேன், பத்து மணிக்கு.

ராஜேஸ்வரி


மதுரை
21.7.2024

ராஜேஸ்வரிக்கு,

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். ஒன்றும் தப்பாக எழுதவில்லை.

கரையில் போகும்போது தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் இறங்காதே. அங்கே கருவேல மரத்தடியில் கட்டுவிரியன் கிடக்கும். கரையின் மேலேயே போய், பம்புசெட்டு தாண்டி இறங்கினால் மல்லிக்காட்டு வழியாக ரோட்டுக்கு வந்துவிடலாம். முள் குறைவு. கையில் ஒரு கம்பு வைத்துக்கொள்.

நூறு நாள் வேலை போனால் போகிறது என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. படிக்கட்டும். இனி நான் நிற்கச் சொல்ல மாட்டேன்.

வருகிற மாசி மாதத்தோடு எனக்கு லீவு கேட்கத் தகுதி வருகிறது. பதினஞ்சு நாள் கிடைக்கலாம். இங்கே எல்லோரும் அதை நினைத்துத்தான் தூங்கி எழுகிறார்கள். நானும்தான். வந்தால் முதலில் பின்சுவரைக் கட்டுவேன்.

செல்லப்பாண்டி


17.11.2024

சத்யாவின் அப்பாவுக்கு,

ரொம்ப நாளாக எழுதவில்லை. பருத்திக் காட்டில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். வந்து படுத்தால் கை தூக்க முடியவில்லை.

ஒரு விசயம் தெரியவந்தது. ஐப்பசியில் சந்தனம் மகள் மாரீஸ்வரிக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த மூன்று வாரமும் சத்யா எல்லா நோட்டையும் ரெண்டு ரெண்டாக எழுதிக்கொண்டிருந்தாள். "எதுக்குடி ரெண்டு?" என்றால், "டீச்சர் கேட்டாங்க" என்றாள். நான் நம்பிவிட்டேன்.

போன வாரம் பெற்றோர் கூட்டம். டீச்சரே சொன்னார்: "ஒங்க பொண்ணு ரெண்டாவது நோட்டு எழுதிக் குடுத்ததாலதான் மாரீஸ்வரி பரீட்சைக்கு உக்காந்தா. ரெண்டும் ஒரே பெஞ்சு. சோத்த மாத்தித்தான் திங்கும்." ஜூலை மாதத்திலிருந்தே அப்படியாம். மாரீஸ்வரிதான் முதலில் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததாம். சாயங்காலம் ஒன்று ஊர் பஸ், ஒன்று விலக்கு என்று தனித்தனியாகப் பிரிந்துகொள்ளுமாம், நமக்குத் தெரியக்கூடாது என்று.

டீச்சர் இதைச் சொல்லும்போது சந்தனம் எனக்கு ரெண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். எழுந்து வெளியே போய்விட்டாள். அன்று மாரீஸ்வரிக்கு அடி விழுந்ததாகக் கேள்வி.

இனிமேல் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது. ஆறு மணிக்கு விடுவார்கள். அப்போது ஊர் பஸ் கிடையாது. நம் ஊரில் பத்தாவது படிக்கிற பெண் பிள்ளைகள் இதுகள் ரெண்டும்தான். விலக்கில் இறங்கும்போது இருட்டிவிடும்.

ராஜேஸ்வரி


மதுரை
5.12.2024

ராஜேஸ்வரிக்கு,

சத்யா செய்ததைப் படித்து எனக்குப் பேச்சு வரவில்லை. அவளிடம் நான் எழுதியதாக ஒன்றும் சொல்லாதே.

லீவுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்னடத்தை அதிகாரி ஊருக்கு வந்து விசாரிப்பார். அக்கம்பக்கத்தில் கேட்பார். சந்தனத்திடமும் கேட்பார். அவள் வரக்கூடாது என்று சொன்னால் கிடைப்பது கஷ்டம். நீ போய் அவளிடம் எதுவும் கேட்காதே. அவள் வாயில் என்ன வருகிறதோ வரட்டும்.

செல்லப்பாண்டி


12.1.2025

சத்யாவின் அப்பாவுக்கு,

நம் வீட்டு விசயம் ஒன்று நடந்திருக்கிறது. நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கிய முதல் வாரம் நான் விலக்கில் போய் நிற்பேன். சந்தனமும் வந்து நிற்பாள். அவள் நிழற்குடைக்குள், நான் வேப்பமரத்தடியில். பஸ் வந்ததும் அவரவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அவள் ரோட்டு வழி, நான் கரை வழி. அவளும் பருத்திக் காட்டிலிருந்து நேரே வருகிறவள்தான். ரெண்டு பேருக்கும் நிற்கத் தெம்பு இருக்காது. ஒரு நாள் அவள் நிழற்குடைத் தரையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பஸ் வந்தது தெரியவில்லை. நான் எழுப்பவில்லை. மாரீஸ்வரிதான் எழுப்பியது.

மறுநாள் மாரீஸ்வரி வீட்டில் சொல்லிவிட்டதாம்: "சத்யா கூட ஒண்ணா நடந்து வரவிட்டா ஸ்பெஷல் கிளாஸுக்குப் போறேன். இல்லன்னா நாலு மணி பஸ்ஸுக்கே வந்துர்றேன், பெயிலானா ஆயிட்டுப் போறேன்." சொன்னபடியே மூன்று நாள் நாலு மணிக்கே வந்துவிட்டது. பொன்னுச்சாமி வந்து கத்திப் பார்த்தாராம். அது அசையவில்லை.

நாலாவது நாள் சந்தனம் விலக்கில் என் பக்கம் வந்தாள். முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள்.

"நாளைக்கு நான் நிக்கிறேன். ரெண்டு புள்ளையையும் நானே கூட்டியாறேன். நாளன்னைக்கு நீ வா."

நான், "சரி சந்தனம்" என்றேன்.

"பேச்செல்லாம் வேணாம். எம் புள்ள படிக்கணும். அதுக்குத்தான்."

அன்றிலிருந்து ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். முதல் நாள் சத்யாவை அவளோடு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அந்த ஒரு மணி நேரம் எனக்கு உயிர் இல்லை. அவள் மனசில் என்ன இருக்கிறதோ என்று நினைத்தேன். ஏழே காலுக்குச் சத்யா வந்தாள். "என்ன பேசுனா?" என்றேன். "ஒண்ணும் பேசல. பள்ளத்துல மட்டும் பாத்து வாங்கடின்னாங்க" என்றாள்.

மறுநாள் என் முறை. அவள் பிள்ளை எனக்கு முன்னால் நடந்து போனது. அப்படியே அழகுராஜா நடை. நான் தலையைக் குனிந்துகொண்டே வந்தேன்.

ஊருக்குள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பேச்சு. அவள் கூடப் பிறந்தவனே அவள் வீட்டுக்கு இப்போது வருவதில்லை. காலை பஸ்ஸில் சத்யா ஏறுகிறாள். யாரும் தடுக்கவில்லை. எனக்கு வேலை கிடைக்கிறது.

ராஜேஸ்வரி


9.2.2025

சத்யாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அதிகாரி வந்தார். மார்ச்சில் லீவு கிடைக்கும் போலிருக்கிறது என்றார். சந்தனம் வீட்டுக்கும் போனார். அன்று சாயங்காலம் என் முறை. ஆனாலும் சந்தனம் விலக்குக்கு வந்தாள்.

"வரக்கூடாதுன்னு நான் எழுதிக் குடுக்கல" என்றாள். "எழுதணும்னு எங்க அண்ணன் ஆள் விட்டுச் சொன்னாக. நான் எழுதல. உம் புருசன் அவுக வீட்டுக்கு வாறாக. தடுக்க நான் யாரு. ஆனா ஒண்ணு சொல்றேன். அவுக ஊருக்குள்ள கால் வச்ச அன்னையிலேர்ந்து எம் புள்ள ஒங்கூட வராது. ஒம் புள்ளையையும் நான் கூட்டியார மாட்டேன். அந்தத் தெருவுல அவுகள நடக்கவிட்டுட்டு, அவுக புள்ளையக் கையப் புடிச்சுக் கூட்டியார என்னால ஏலாது. நானும் மனுசிதான."

அவள் சொன்னதில் எந்த வார்த்தையை மறுப்பது?

மார்ச் 28 பரீட்சை தொடங்குகிறது. ஏப்ரல் நடுவில்தான் முடியும். மாரீஸ்வரி ஸ்பெஷல் கிளாஸுக்கு வராவிட்டால் அதன் படிப்பு போய்விடும். அது கணக்கில் இன்னும் தடுமாறுகிறது, சத்யாதான் சொல்லிக்கொடுக்கிறாள்.

வாங்க என்று எழுத எனக்கு ஆசை இருக்கிறது. நாலு வருசமாகிறது. வராதீர்கள் என்று எழுத வாய் வரவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.

ராஜேஸ்வரி


மதுரை
16.2.2025

ராஜேஸ்வரிக்கு,

நானே முடிவு செய்ய வேண்டுமாம். நல்லா இருக்கிறது.

நாலு வருசம். பதினஞ்சு நாள் கேட்டேன். என் வீட்டில் என் சோற்றை உட்கார்ந்து தின்ன ஊரில் யார் யாரிடம் உத்தரவு வாங்க வேண்டும்? நான் செய்ததற்குத்தான் இங்கே கிடக்கிறேன். இன்னும் எத்தனை தடவை கிடப்பது? நீ ஒரு வரி வாங்க என்று எழுதவில்லை. ஆசை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆசையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நான் வருவேன். வெளியே தலை காட்டாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன். அதுவும் கூடாதா?

செல்லப்பாண்டி


மதுரை
23.2.2025

ராஜேஸ்வரிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. சத்யா கையில் கிடைக்க வேண்டாம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கோர்ட்டிலும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்கு மடையில் நானும் அழகுராஜாவும் மட்டும் இல்லை. மாரீஸ்வரி அப்பனுக்குச் சோறு கொண்டுவந்திருந்தது. தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி வரப்பில் நின்றது. பதினொரு வயசு இருக்கும். நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினபோது அது என் முகத்தைப் பார்த்தது. கத்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றது. போலீஸ் வருவதற்குள் யாரோ கூட்டிப்போய்விட்டார்கள். அது இதை யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

அந்தப் பிள்ளைதான் ஜூலை மாதத்தில் தானாக வந்து சத்யா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீ எழுதியபோது எனக்குப் பேச்சு வராமல் போனது அதனால்தான்.

பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் அது தெருவில் இறங்கினால் என் முகம் தெரியக்கூடாது. வீட்டுக்குள் இருந்தாலும் நான் உள்ளே இருக்கிறேன் என்று அதற்குத் தெரியும்.

லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரி, "ஏம்ப்பா, கெடைக்காதவனெல்லாம் அழுறான். நீ கெடைச்சத வேணாங்குற?" என்றார். "புள்ளைகளுக்குப் பரீட்சை இருக்குங்கய்யா" என்றேன். "அதுக்குத்தானப்பா அப்பன் பக்கத்துல இருக்கணும்" என்றார்.

சந்தனத்திடம் நான் வரவில்லை என்று மட்டும் சொல். காரணம் சொல்லாதே.

செல்லப்பாண்டி


20.5.2025

சத்யாவின் அப்பாவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. போனில் சொன்னேன், நீங்கள் ஒன்றும் பேசாமல் இருந்தீர்கள். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். சத்யா 428. மாரீஸ்வரி 391. கணக்கில் அதற்கு 64.

நீங்கள் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் முறை வரும் நாட்களில் என்னால் அதன் பின்னால் நடக்க முடியவில்லை. பக்கத்தில் நடந்தேன். ஒரு நாள் அதன் பையை வாங்கிக்கொண்டேன். கொடுத்தது.

நீங்கள் வரவில்லை என்று நான் சொன்ன அன்று சந்தனம் ஏன் என்று கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச தூரம் போய்விட்டு நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நேற்று விலக்கில் பார்த்தேன். "ப்ளஸ் ஒண்ணுக்கு ரெண்டையும் திருச்சுழியில ஒண்ணாச் சேத்துருவோம். தனியா விட முடியாது" என்றாள். ரெண்டு வருசத்துக்கும் அதே ஏற்பாடுதான். ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். பத்தாவது முடிந்தால் கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். முழங்கால் வலி போகவில்லை. நடக்க வேண்டியதுதான்.

நீங்கள் மறுபடி லீவு கேட்கலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அதைப் பற்றி நான் சந்தனத்திடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இந்தத் தடவை நான் நேராகவே எழுதுகிறேன்: வாங்க. நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோசம்தான். மற்றது உங்களுக்கே தெரியும்.

ராஜேஸ்வரி


மதுரை
1.6.2025

ராஜேஸ்வரிக்கு,

போனில் கேட்டது. நன்றாகவே கேட்டது. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அதனால் பேசவில்லை.

இங்கே தெரிந்தவர்கள் நாலு பேரிடம் மார்க்கைச் சொன்னேன். ரெண்டு பிள்ளைகள் மார்க்கையும் சொன்னேன். "ரெண்டும் ஒம் புள்ளைகளா?" என்று ஒருவர் கேட்டார். ஒன்று தம்பி மகள் என்றேன்.

வாங்க என்று எழுதியிருக்கிறாய். அது போதும்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய். முடிந்தால் ஒரு நாள் சத்யாவோடு மனு போட்டுப் பார்க்க வா. வேலை கெடும் என்றால் வேண்டாம்.

ப்ளஸ் டூ பரீட்சை எந்த வருசம் எந்த மாதம் முடியும் என்று சத்யாவிடம் கேட்டு எழுது. லீவு மனுவில் அதற்குப் பிறகு ஒரு தேதியாகப் போட வேண்டும்.

செல்லப்பாண்டி